ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ்: வண்டியையும் வழக்கையும் நிறுத்தியவர்

ஓடாத வண்டியை ஓடச் செய்வதினும், ஓடுகின்ற வண்டியை உரிய இடத்தில் நிறுத்துவதே அரிய செயல் என்பது இருப்புப் பாதைத் துறையில் ஊழியம் செய்கிறவர் அனைவரும் அறிந்த செய்தி. பெங்களூரையும் ஜோலார்பேட்டையையும் இணைக்கும் நம் பாதை 1864-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அக்காலத்தில் உலகெங்கும் வண்டிகளை நிறுத்தக் கைப் பிரேக்கையே நம்பியிருந்தனர். இன்று வைட்ஃபீல்ட் நிலையத்தில் மணிக்கொரு வண்டி வந்து நிற்கிறது. நிற்கும் ஓசையைக்கூட நாம் செவிமடுப்பதில்லை. அந்த நிறுத்தத்தின் பின்னே ஒரு மனிதரின் வாழ்வு இருக்கிறது. அவர் பெயர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். பெயரை மின்விசிறியிலும் மின்கருவியிலும் கண்டவர் பலர். வாழ்வைப் படித்தவர் சிலர்.

இம்மலருக்கு ஒரு பெரியாரின் வரலாற்றை எழுதித் தருமாறு செயற்குழுவினர் பணித்தபோது, புலவர் ஒருவரையோ தலைவர் ஒருவரையோ எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். எண்ணத்தை மாற்றியவர் நம் சங்கத்து அன்பர் ஒருவர். வயதில் இளையவர், என்னை அண்ணன் என்று அழைப்பவர். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஒரு சிறு மின்னணுக் கருவியைச் செய்து விற்கும் தொழிலை இப்பகுதியில் நடத்திவருகிறார். ஒரு நாள் மாலை நடைமேடை இருக்கையில் என் அருகே அமர்ந்து, பையிலிருந்து ஒரு வக்கீல் நோட்டீசை எடுத்துக் காட்டினார். அவர் கருவியின் ஒரு பகுதி தங்கள் காப்புரிமைக்கு உட்பட்டது என்று பெரிய கம்பெனி ஒன்று எழுதியிருந்தது. போராடுவதா, பேசி முடிப்பதா என்று என்னைக் கேட்டார். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு சரக்கு ரசீது எழுதும் குமாஸ்தாவிடம் கேட்கத்தக்க கேள்வியா அது? எனினும், பிரேக்கைப் பற்றி முன்பு படித்தபோது இந்த வெஸ்டிங்ஹவுஸ் வழக்குகளிலேயே பாதி வாழ்நாளைக் கழித்தவர் என்று கண்ட நினைவு வந்தது. மீண்டும் தேடிப் படித்தேன். படித்ததை எழுதுகிறேன்.

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சென்ட்ரல் பிரிட்ஜ் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் உழவுக்கு வேண்டிய இயந்திரங்களைச் செய்து விற்றவர். குடும்பம் 1856-இல் ஸ்கெனெக்டடி நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் பாடத்தில் சிறுவனுக்கு மனம் செல்லவில்லை. தந்தையின் பட்டறையே பள்ளியாயிற்று. உள்நாட்டுப் போர் மூண்டபோது முதலில் தரைப்படையிலும் பின்னர்க் கடற்படையிலும் சேர்ந்து பணியாற்றினார். போர் முடிந்து யூனியன் கல்லூரியில் சேர்ந்தவர் மூன்று மாத அளவிலேயே வெளியேறிவிட்டார். அந்த 1865-ஆம் ஆண்டிலேயே சுழலும் நீராவி இயந்திரம் ஒன்றுக்காக அவருடைய முதற் காப்புரிமை கிடைத்தது. அப்போது வயது பத்தொன்பது.

காப்புரிமை என்பதை ஈண்டுச் சிறிது விளக்குதல் நலம். ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து அதன் அமைப்பை ஒளிவின்றி அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்தால், குறிப்பிட்ட காலம் வரை அதைப் பிறர் செய்யவோ விற்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று தடுக்கும் உரிமையை அரசாங்கம் அவருக்கு அளிக்கிறது. இதையே பேடண்ட் என்கிறோம். அக்காலத்து அமெரிக்காவில் அது 17 ஆண்டு. இன்று நம் நாட்டில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. பயன்படுத்தவும் கூடாது என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். செய்தவன் மட்டுமல்லன், வாங்கி உபயோகிப்பவனும் வழக்கில் இழுக்கப்படலாம். சிறு கம்பெனிகளின் வாணிகம் படுத்துவிடுவது பெரும்பாலும் இந்த ஒரு சொல்லினால்தான். நீதிபதி தீர்ப்புச் சொல்லுமுன்பே வாங்குபவன் அஞ்சிப் பின்வாங்கிவிடுகிறான்.

வெஸ்டிங்ஹவுஸின் முதல் வாணிகம் இரும்புப் பாதை சார்ந்ததே. தடம் புரண்ட பெட்டியை மீண்டும் தண்டவாளத்தில் ஏற்றும் கருவி ஒன்றையும், தண்டவாளங்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் வைக்கும் இரும்புத் துண்டு ஒன்றையும் அவர் அமைத்தார். முதல் போட இருவர் கூட்டாளிகளாக வந்தனர். சில காலத்தில் அவர்களுக்கும் இவருக்கும் மனத்தாங்கல் நேர்ந்தது. கண்டுபிடித்த உரிமை இவருடையது; பணப்பெட்டி அவர்களுடையது. அவர்களோடு மல்லுக்கு நிற்காமல், வேலையைக் குறைந்த செலவில் செய்து தருபவரைத் தேடி 1868-இல் எஃகு நகராகிய பிட்ஸ்பர்க்கிற்குச் சென்றார். அதற்கு முந்திய ஆண்டில்தான் மார்கரெட் எர்ஸ்கின் வாக்கர் என்ற நங்கையை மணந்திருந்தார். இருவரும் முதன்முதலில் சந்தித்துக்கொண்டது ஓர் இரயில் வண்டியில். நம் துறைக்கு இது பெருமையன்றோ!

பிரேக்கின் எண்ணம் அவருக்கு ஒரு விபத்திலிருந்து பிறந்தது. ஸ்கெனெக்டடிக்கும் டிராய் நகருக்கும் இடையே நேர்ப்பாதையில் இரண்டு சரக்கு வண்டிகள் மோதிக் கிடந்ததை இளைஞர் கண்டார். ஓட்டுநர் இருவரும் ஒருவரை ஒருவர் தொலைவிலேயே பார்த்துவிட்டனர். ஆயினும் நிறுத்த நேரமில்லை. அந்நாளில் ஓட்டுநர் ஊதல் ஊதுவார். பிரேக்மேன்கள் பெட்டிக்குப் பெட்டி ஓடி, கூரைமேல் ஏறிக்கூடச் சக்கரத்தைத் திருகுவர். மழையிலும் பனியிலும் வழுக்கி விழுந்து மாண்டவர் எத்தனையோ பேர். எல்லாப் பெட்டிகளின் பிரேக்கையும் ஓட்டுநரே ஒருசேரப் போடுவதற்கு வழி வேண்டும் என்று அவர் சிந்தித்தார். சங்கிலியை எண்ணினார், நீராவியை எண்ணினார், இரண்டும் ஒத்துவரவில்லை. அப்போது ஆல்ப்ஸ் மலையில் மோன் செனி சுரங்கப் பாதையை அழுத்தப்பட்ட காற்றினால் இயங்கும் துளைக் கருவிகளைக் கொண்டு குடைகிறார்கள் என்ற செய்தியை ஒரு சஞ்சிகையில் படித்தார். மூவாயிரம் அடிக் குழாய் வழியே காற்றுச் சென்று பாறையைத் துளைக்குமானால், ஒரு வண்டியின் நீளத்துக்குச் சென்று பிரேக்கை அழுத்தாதா?

பிட்ஸ்பர்க்கில் ரால்ஃப் பாகலி என்ற நண்பர் பணம் தந்து உதவினார். பான்ஹேண்டில் இரயில்வே என்று வழங்கிய பாதையில், கம்பெனி செலவின்றித் தன் பொறுப்பிலேயே ஒரு வண்டியில் கருவியைப் பூட்டிச் சோதனை ஓட்டம் நடத்தினார். ஊரை ஒட்டியிருந்த சுரங்கத்தை விட்டு வண்டி வெளிவந்த தருணத்தில், குறுக்குச் சாலையில் ஒரு குதிரை வண்டி தண்டவாளத்தின்மேல் நின்றது. வண்டிக்காரன் தடுமாறி விழுந்துவிட்டான். ஓட்டுநர் டேனியல் டேட் புதிய பிடியைத் திருப்பினார். வண்டி அம்மனிதனுக்குச் சில அடி முன்னதாகவே நின்றது. உள்ளே இருந்த அதிகாரிகள் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள்; எழுந்து வந்து காரணத்தைக் கண்டபின் அக்கருவிக்கு வேறு சான்று கேட்கவில்லை. 1869 ஏப்ரலில் காப்புரிமை கிடைத்தது. செப்டம்பரில் ஐந்து லட்சம் டாலர் முதலீட்டுக் கணக்கில் வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் கம்பெனி தோன்றியது. தலைவருக்கு இன்னும் வயது இருபத்து மூன்று நிரம்பவில்லை.

1872-இல் அவர் அமைத்த தானியங்கி முறையே இன்றளவும் உலகம் கைக்கொள்ளும் முறையின் வேர். ஒவ்வொரு பெட்டியிலும் தனிக் காற்றுக்கலமும் மும்முனை வால்வும் வைத்தார். முதன்மைக் குழாயில் அழுத்தம் நிறைந்திருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும். ஆகவே நடுவில் கப்ளிங் அறுந்தாலும் குழாய் பிரிந்து, இரண்டு பாதியும் தாமாகவே நின்றுவிடும். தவறு நேர்ந்தால் நிற்பதே இயல்பு என்ற இத்தலைகீழ்ச் சிந்தனையை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பே. நம் இந்திய இரயில்வே ஆங்கிலேயர் பழக்கத்தைப் பின்பற்றி நெடுங்காலம் வாக்குவம் பிரேக்கிலேயே இருந்து, 1980-களிலிருந்து படிப்படியாகக் காற்றுப் பிரேக்குக்கு மாறியது. முதன்மைக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ என்ற அளவு காட்டினால்தான் இன்று வண்டி புறப்படும்.

நிற்க. வாணிகத்துக்கு வருவோம்.

ஒரு பொருள் நன்றாக விற்கத் தொடங்கிய மறுநாளே அதைப் போன்ற இன்னொன்று கடைக்கு வரும் என்பது எந்நாட்டுக்கும் பொது. ஓஹையோ மாநிலத்தில் கார்டனர் அண்டு ரான்சம் என்ற கம்பெனி காற்றுப் பிரேக் செய்யத் தொடங்கியது. வெஸ்டிங்ஹவுஸ் வழக்குத் தொடுத்தார். காற்றினால் பிரேக் போடும் எண்ணம் இவருக்கு முன்பே பலருக்கு இருந்தது, ஆகையால் இக்காப்புரிமை செல்லாது என்பது எதிரிகளின் வாதம். எண்ணியவர் பலராயினும் வேலை செய்யும்படி செய்து காட்டியவர் இவரே என்று 1875-இல் நீதிமன்றம் இவர் பக்கம் தீர்ப்பளித்தது. அப்போது பிரேக் கம்பெனிக்கு வயது ஆறு. உரிமை நிலைத்தபின் இரயில்வேக்களுக்கு அச்சமில்லை; வாங்கினால் நாளை வேறொருவன் வந்து நிற்பானோ என்ற ஐயமில்லை. இந்த ஒரு வழக்கை அவர் போராடித்தான் தீர்த்தார். போராடியது சரியே என்பது என் கருத்து. கம்பெனியின் உயிர் அந்த ஒரே பொருளில் இருந்தது. அதைப் பேசிப் பங்கிட்டிருந்தால் மிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் எல்லாப் போராட்டமும் அவ்வாறு முடியவில்லை. 1886, 1887 ஆண்டுகளில் பர்லிங்டன் என்ற ஊரில் ஐம்பது பெட்டிகள் கோத்த சரக்கு வண்டிகளில் பிரேக்குகளைச் சோதித்தார்கள். முன்பெட்டியில் பிரேக் பிடித்துப் பின்பெட்டிக்குக் காற்றுச் செய்தி எட்டுமுன் பின்பெட்டிகள் வந்து முட்டின. வெஸ்டிங்ஹவுஸ் சில மாதங்களுக்குள் விரைவு வால்வை அமைத்துக் குறையை நீக்கினார். பால்டிமோர் நகரத்துப் பாய்டன் கம்பெனி அதே பயனைத் தன் வழியில் எளிய அமைப்பால் அடைந்தது. மீண்டும் வழக்கு. கீழ் நீதிமன்றங்களைக் கடந்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று 1898-இல் முடிந்தது. சொல்லளவில் பாய்டனின் கருவி வெஸ்டிங்ஹவுஸின் உரிமைக்குள் அடங்குவதுபோல் தோன்றினும், செயல்முறையில் வேறானது என்று கூறிப் பெரும்பான்மை நீதிபதிகள் பாய்டனுக்கே வெற்றி தந்தனர். காப்புரிமைச் சட்டம் படிப்பவர் இன்றும் அவ்வழக்கைப் படிக்கிறார்கள். எனினும் வென்ற சிறு கம்பெனி சந்தையைப் பிடித்துக்கொண்டதா எனில், இல்லை. ஒரு கம்பெனியின் பெட்டி மற்றொரு கம்பெனியின் பாதையில் ஓடுவதால் எல்லாப் பெட்டிகளும் ஒரே வகைப் பிரேக்கை விரும்பின. நீதிமன்றத்தில் ஆண்டுகள் கழிந்த காலத்தில் அந்த ஒரே வகை எது என்பது பணிமனைகளில் முடிவாகிவிட்டது.

இனி அவர் வாழ்வின் மற்றொரு பக்கம். பிறர் கண்டுபிடித்ததை எதிர்த்து நிற்பதைவிட விலைக்கு வாங்கிவிடுவது மலிவு என்பதை வெஸ்டிங்ஹவுஸ் இளமையிலேயே உணர்ந்திருந்தார். 1881-இல் சிக்னல் தொழிலில் இறங்கியபோது, ஏற்கனவே உரிமைகள் வைத்திருந்த கம்பெனிகளை இணைத்து யூனியன் சுவிட்ச் அண்டு சிக்னல் கம்பெனியை நிறுவினார். மாறுமின்னோட்டத்தில் நாட்டம் கொண்டபோது, கோலார், கிப்ஸ் என்ற இருவரின் மின்மாற்றி உரிமையை ஐம்பதாயிரம் டாலருக்கு வாங்கினார். (இந்தக் கோலார் நம் அண்டையிலுள்ள தங்கவயலன்று, பிரெஞ்சுக்காரர் ஒருவரின் பெயர்.) 1886-இல் மின்சாரக் கம்பெனி தோன்றியது. 1888-இல் நிகோலா டெஸ்லாவின் மோட்டார் உரிமைகளை, ரொக்கமும் கடன் பத்திரமுமாக 75,000 டாலரும், குதிரைத் திறன் ஒன்றுக்கு இரண்டரை டாலர் ராயல்டியும் என்ற ஏற்பாட்டில் பெற்றார். டெஸ்லாவோடு வழக்காடிக் காலம் கழித்திருந்தால் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் வேறொருவர் கைக்குப் போயிருக்கும்.

அக்காலத்தில் எடிசன் பக்கத்தாருக்கும் இவருக்கும் நடந்த மின்னோட்டப் போரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குப் பாடநூலிலேயே தெரியும். அதை விரித்து எழுதவில்லை. போர் மேடையில் மட்டுமா நடந்தது? நீதிமன்றத்தில்தான் அதிகம் நடந்தது. மின்விளக்கு வழக்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன்; என் இளைய நண்பருக்கும் இதையே முதலில் சொன்னேன்.

எடிசனின் மின்விளக்குக் காப்புரிமை 1880 ஜனவரியில் வழங்கப்பட்டது. வழக்கு 1885-இல் தொடங்கியது. எதிர்த்த கம்பெனி பின்னர் வெஸ்டிங்ஹவுஸின் கைக்கு வந்தது. 1891-இல் தீர்ப்பு, 1892 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு. இரண்டிலும் எடிசனுக்கே வெற்றி. ஆனால் அயல்நாட்டுக் காப்புரிமை ஒன்றோடு பிணைந்திருந்த காரணத்தால் அந்த உரிமை 1894 நவம்பரில் முடிந்துபோயிற்று. பதினான்கு ஆண்டு வைத்திருந்த உரிமையின் பயனை இரண்டு ஆண்டே நுகர்ந்தார். விளக்கு வழக்குகளுக்கு எடிசன் தரப்பில் சுமார் இருபது லட்சம் டாலர் செலவாயிற்று என்று கூறுவர். வென்றவருக்கு இந்நிலை. தோற்றவர்களில் சிறிய விளக்குக் கம்பெனிகள் பல, தடையுத்தரவு வந்த மாத்திரத்தில் கதவைச் சாத்தின. எதிர்ப்பக்கத்தாரும் சும்மா இருக்கவில்லை. தாங்கள் வைத்திருந்த வேறொரு விளக்குக் காப்புரிமையைக் கொண்டு மக்கீஸ்போர்ட் என்ற சிற்றூரின் மின்விளக்குக் கம்பெனியின்மேல் வழக்குத் தொடுத்தனர். 1889-இல் தோற்று, உச்ச நீதிமன்றம் வரை சென்று 1895-இல் மறுபடியும் தோற்றனர்.

இதனிடையே 1892 மே மாதத்தில் சிக்காகோ உலகக் கண்காட்சிக்கு விளக்கேற்றும் ஒப்பந்தத்தை, எடிசன் கம்பெனியும் மற்றொன்றும் கலந்து தோன்றிய ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைவிடக் குறைந்த விலைக்கு வெஸ்டிங்ஹவுஸ் எடுத்துவிட்டார். ஐந்து மாதத்தில் மேற்சொன்ன தீர்ப்பு வந்தது. கண்ணாடியை ஒரே துண்டாக உருக்கி மூடிய விளக்கைச் செய்யக்கூடாது. கண்காட்சி திறக்க ஏழு மாதமே உள்ளது. வேறொருவர் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார். இவர் பழைய உரிமை ஒன்றைத் தூசு தட்டி எடுத்து, குப்பிக்குத் தக்கை வைப்பதுபோல் இரண்டு துண்டாக அமைந்த விளக்கை உருவாக்கினார். அதற்கும் தடை கேட்டனர், கிடைக்கவில்லை. தனிக் கண்ணாடித் தொழிற்சாலையே நிறுவி இலட்சக்கணக்கில் விளக்குகளைச் செய்தார். அவை விரைவில் பழுதாகும்; பழுதானவற்றைக் கழற்றி மாற்ற ஆட்கள் ஓயாது உழைத்தனர். 1893 மே முதல் நாள் கண்காட்சி ஒளிர்ந்தது. இதைச் சாமர்த்தியம் என்று போற்றுவோர் உண்டு, நானும் போற்றுகிறேன். ஆயினும் நல்ல விளக்கிருக்க மட்டமான விளக்கைச் செய்ய நேர்ந்தது வழக்கின் கூலி அன்றோ!

வழக்கின் செலவு வக்கீல் கட்டணத்தோடு முடிவதில்லை. 1890-இல் இலண்டன் பேரிங் வங்கி தடுமாறிப் பணப்புழக்கம் முடங்கியபோது, வெஸ்டிங்ஹவுஸ் பிட்ஸ்பர்க் வங்கியாளர்களிடம் ஐந்து லட்சம் டாலர் கடன் கேட்டார். காப்புரிமைகளுக்கு இவர் வாரி இறைக்கிறார் என்ற குறை அவர்களுக்கு. நிர்வாகத்தில் தங்கள் கை ஓங்கினால்தான் கடன் என்றனர். மறுத்து வெளியேறிய அவர் நியூயார்க் வங்கியாளர் துணையோடு 1891-இல் கம்பெனியைத் திருத்தி அமைத்தார். உரிமை உறுதியாயில்லாத பொருளை நம்பிக் கடன் கொடுப்பவர் அன்றும் குறைவு.

1896 வாக்கில் ஜெனரல் எலெக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் என்ற இரு கம்பெனிகளுக்கும் இடையே முந்நூறுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தன. டெஸ்லாவின் மோட்டாரை அவர்கள் செய்ய இயலாது. டிராம் வண்டிக்கு மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் அமைப்பை இவர்கள் செய்ய இயலாது. டிராம் கம்பெனிக்காரரும் ஆலைக்காரரும் யாரிடம் வாங்கினாலும் மற்றவரிடமிருந்து நோட்டீஸ் வரும். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் இருவரும் உடன்பாடு செய்துகொண்டனர். இரு தரப்புக் காப்புரிமைகளையும் பொதுவாக்கி, மதிப்பில் நூற்றுக்கு அறுபத்திரண்டரைப் பங்கு ஜெனரல் எலெக்ட்ரிக்குடையது, முப்பத்தேழரைப் பங்கு வெஸ்டிங்ஹவுஸுடையது என்று வகுத்தனர். தம் பங்குக்கு மிகுதியாகப் பயன்படுத்துபவர் மற்றவருக்கு ராயல்டி தர வேண்டும். மேற்பார்வைக்கு ஐவர் கொண்ட குழு. இருவர் இருவராக நால்வர், பொதுவாக ஒருவர். காலம் 15 ஆண்டு. குறைந்த பங்குக்கு இசைந்ததில் வெஸ்டிங்ஹவுஸுக்கு மானக்குறைவு இருந்திருக்கலாம். ஆனால் தொழிற்சாலை வக்கீலைக் கேளாமல் எந்தப் பொருளையும் செய்யலாயிற்று. வாங்குவோர் அஞ்சாமல் வாங்கலாயினர். அதே 1896 நவம்பரில் நயாகராவின் மின்சாரம் பஃபலோ நகரத்தை அடைந்தது.

சமரசத்தின் நன்மையை இவ்வளவு சொன்ன நான் அதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. இரு யானைகள் இணங்கியபோது, நடுவில் நின்ற ஆடுகளுக்கு இடம் எங்கே? அந்தப் பொதுத் தொகுதிக்குள் நுழைய உரிமையில்லாத சிறு கம்பெனிகள் முன்பு ஒருவரோடு வழக்காடியவை. பின்பு இருவரையும் எதிர்நோக்க வேண்டியதாயிற்று. இதற்கு நாற்பதாண்டு முன்னரே வேறு வகையான சமரசம் ஒன்று நடந்திருந்தது. நம் வீடுகளில் அம்மாமார் மிதித்த தையல் மிஷினின் வரலாறு அது. சிங்கர் முதலிய மூன்று கம்பெனிகளும் எலியாஸ் ஹோ என்ற கண்டுபிடிப்பாளரும் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுச் சலித்து, 1856-இல் ஆல்பனி நகரில் உரிமைகளை ஒன்று சேர்த்தனர். மிஷின் ஒன்றுக்குப் பதினைந்து டாலர் செலுத்தினால் பிறரும் செய்யலாம். குறைந்தது இருபத்து நான்கு உற்பத்தியாளர்களுக்கேனும் அனுமதி தரவேண்டும் என்று ஹோ ஒரு நிபந்தனை விதித்தார். பெரியவர்கள் கூடிய இடத்தில் சிறியவர்களுக்காக ஒரு வரி எழுதப்பட்டது. 1896-ஆம் ஆண்டு உடன்பாட்டில் அத்தகைய ஹோ ஒருவர் இல்லை. வெஸ்டிங்ஹவுஸை மதிக்கும் எனக்கு இது ஒரு குறையாகவே படுகிறது.

டெஸ்லாவோடு இருந்த ராயல்டிக் கணக்கையும் பேசி முடித்தார். 1897-இல் சுமார் 2,16,000 டாலர் கொடுத்து உரிமைகளை முழுதாக வாங்கிக்கொண்டது கம்பெனி. மோட்டாரின் பிற்கால விற்பனையை நோக்க இஃது அற்பத் தொகை. டெஸ்லா முதுமையில் வறுமையுற்றதை நினைக்கும்போது, பேசி முடித்தல் என்பதும் இரு பக்கத்துக்கும் ஒரே எடையில் அமைவதன்று என்று தெரிகிறது.

தொழிலாளரிடம் அவர் நடந்துகொண்ட முறையையும் ஒரு வரி சொல்லாது விடலாகாது. 1881-ஆம் ஆண்டிலேயே தம் ஆலையில் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை அளித்தவர் அவர். வழக்கில் கடுமை, பட்டறையில் கனிவு.

1907 அக்டோபரில் அமெரிக்கப் பணச்சந்தை சரிந்தபோது மின்சாரக் கம்பெனி கடன்காரர் பொறுப்புக்குப் போயிற்று. பிரேக் கம்பெனியும் சிக்னல் கம்பெனியும் அசையாமல் நின்றன. மின்சாரக் கம்பெனியை மீட்டுத் திரும்பியும் அதிகாரம் திரும்பவில்லை. 1911-க்குள் அவர் அதைவிட்டு முற்றிலும் விலக நேர்ந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக்கோடு செய்த உடன்பாடும் அவ்வாண்டிலேயே காலம் முடிந்தது. மின் பொறியாளர் சங்கம் அவருக்கு அவ்வாண்டுக்குரிய பதக்கத்தை வழங்கிற்று. அதன் பெயர் எடிசன் பதக்கம்! பெற்றுக்கொண்டபோது அவர் முகத்தில் புன்னகை இருந்ததா என்று அறிய எனக்கு ஆசை. 361 காப்புரிமைகளுக்கு உரியவராகி, 1914 மார்ச் 12-ஆம் நாள் நியூயார்க்கில் காலமானார். போர் வீரர் என்ற முறையில் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடங்கியிருக்கிறது.

என் இளைய நண்பரிடம் இவற்றையெல்லாம் இரண்டு மூன்று மாலைகளில் சொன்னேன். கருவியின் எந்தப் பகுதி உங்கள் கம்பெனியின் உயிர், எந்தப் பகுதியை வாடகைக்கு எடுத்தாலும் உயிர் போகாது என்று பிரித்து எழுதிப் பாருங்கள் என்றேன். எழுதிக்கொண்டு வந்தார். நோட்டீசில் கண்ட பகுதி இரண்டாவது பட்டியலில் இருந்தது. இப்போது காப்புரிமை வழக்கறிஞர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கருவி ஒன்றுக்கு இவ்வளவு என்று ராயல்டி பேசுகிறார். கேட்ட தொகையும் கொடுக்க வல்ல தொகையும் இன்னும் ஒன்றையொன்று தொடவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டிய கொள்முதல் உத்தரவு ஒன்று, இவ்விவகாரம் தீரட்டும் என்று காத்திருக்கிறது. ஆண்டு விழா முடிந்த மறுவாரம் அடுத்த பேச்சு நடக்கவிருக்கிறது. எட்டுப் பேரில் இருவர் நம் சங்கத்துப் பிள்ளைகளே. அவர்களும் அந்த நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.